அளந்து குடிச்ச தண்ணி

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருக்கு, ஓரமெல்லாம் சுருண்டு, எண்ணெய்க் கறை பட்டு. 2018 டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல அப்பா எடுத்தது. எங்க பக்கம் தெரியாதவங்களுக்காக சொல்றேன், வருஷப் பிறப்பு ராத்திரி கோயில்ல (சர்ச்ச நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) பைபிள் வசன அட்டைகளை கவுத்துப் போட்டு தட்டுல நீட்டுவாங்க, ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும், நம்ம கைக்கு எது வருதோ அது அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குன்னு குடுத்த வார்த்தைன்னு வச்சுக்குவோம். எங்க தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் கதவுலயோ காலண்டர்லயோ ஒண்ணு இருக்கும். (குறி பாக்குற மாதிரி இருக்குன்னு நான் காலேஜ் படிக்கும்போது அம்மாகிட்ட சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன், அது வேற கதை.)

அப்பாவுக்கு வந்தது யாத்திராகமம் 23:25. "அவர் உன் அப்பத்தையும் உன் தண்ணீரையும் ஆசீர்வதிப்பார். வியாதியை உன்னிலிருந்து விலக்குவேன்."

ஏப்ரல்ல அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு.

இருபது வருஷத்து சுகர், கூடவே பிரஷர், ரெண்டும் சேந்து கிட்னிய முடிச்சிருச்சு. வாரத்துக்கு 3 நாள், திங்கள் புதன் வெள்ளி, ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். போக வர பயணம் தனி. முதல்ல கழுத்துல குழாய், அப்புறம் இடது கைல ஃபிஸ்டுலா போட்டாங்க. ரத்தக் குழாய் ரெண்டை சேத்துத் தச்சு விட்டுருவாங்க, அந்த இடத்துல விரல் வச்சா உள்ள எப்பவும் கிர்ர்னு ஓடிட்டே இருக்கும், பூனை மடில படுத்திருக்கிற மாதிரி. அந்த சத்தம் நின்னா ஆபத்து. தினமும் காலைல பல் தேய்ச்சதும் அப்பா கையை காதுல வச்சுக் கேட்டுட்டு "ஓடுது"ம்பாரு, அம்மா அடுப்படில இருந்து "ஸ்தோத்திரம்"பா. பைபிள் வாசிக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்த முதல் ஆராதனை அதுதான்.

ஆனா கஷ்டம் ஊசி இல்ல. தண்ணி. கிட்னி வேலை செய்யாததால குடிக்கிறது உடம்புலயே தங்கிரும், அதனால ஒரு நாளைக்கு மொத்தமே 750 மில்லி, அதுலயே காப்பி, ரசம், கஞ்சி, மாத்திரை முழுங்குற தண்ணி எல்லாம் அடங்கணும். இளநீ கூடாது, வாழைப்பழம் கூடாது, காய்கறிய வெட்டி வேக வச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டுத்தான் தாளிக்கணும். மே மாசத்து எங்க ஊரு வெயில் எப்படின்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும், தேரிக்காட்டு மணல்ல கால் வச்சா கொப்பளிச்சிரும். அப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். 150 மில்லி பிடிக்கிற எவர்சில்வர் டம்ளர் ஒண்ணை எடுத்து வச்சுக்கிட்டு, ஒரு 40 பக்க நோட்டுல கோடு போட்டு, குடிக்க குடிக்க எழுதுவாரு. காலை 6.30, காப்பி, 100. 9.00, மாத்திரை, 50. கூட்டி வர வர மிச்சத்த ஓரத்துல எழுதி வட்டம் போட்டுருவாரு. சில நாள் ராத்திரி 10 மணிக்கு 20 மில்லி மிச்சம் இருக்கும், அதுக்கு ஒரு ஐஸ் துண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டு திண்ணைல உக்காந்திருப்பாரு, ரொம்ப நேரம், கடிக்காம.

"உன் தண்ணீரையும் ஆசீர்வதிப்பார்." ஃப்ரிட்ஜ் திறக்கும்போதெல்லாம் அது என் கண்ணுல படும். ஒரு நாள் ஐஸ் எடுக்கப் போனவ அட்டைய கிழிக்கவே போயிட்டேன், பாதி உரிச்சிட்டேன் கூட. அம்மா பாத்துட்டா. ஒண்ணும் சொல்லல, சோத்துப் பருக்கைய எடுத்து மறுபடியும் ஒட்டி விட்டா.

சின்ன வயசுல இருந்து நான் கேட்ட பிரசங்கத்துல விசுவாசத்தோட சோதனைன்னா பொன்ன அக்கினில புடம் போடுறதுதான். பேதுரு நிருபத்துல அப்படித்தான் இருக்கு, தப்பில்ல. கூடவே விசுவாசத்துக்காக உயிரக் குடுத்த ரத்த சாட்சிகள் கதையும் சொல்லுவாங்க. எங்க அம்மாவோட அம்மா வடக்கன்குளத்துக்காரங்க, கத்தோலிக்க வீடு, அவங்களுக்கு தேவசகாயம் பிள்ளைன்னா உயிரு. 1745ல அவங்க ஊர் கோயில்லதான் அவரு ஞானஸ்நானம் வாங்கினது, 1752ல ஆரல்வாய்மொழி காத்தாடிமலைல சுட்டுக் கொன்னாங்க. அந்தக் கதையெல்லாம் கேட்டு வளந்ததுல எனக்கு சோதனைன்னா நெருப்பு, துப்பாக்கி, ஒரு பெரிய கேள்வி, அதுக்கு நெஞ்ச நிமித்தி ஒரு பதில்னு மனசுல பதிஞ்சு போச்சு. எங்களுக்கு வந்தது பிளாஸ்டிக் நாற்காலி. வார்டுக்கு வெளிய 4 மணி நேரம், வாரத்துக்கு 3 நாள், ஃபோன்ல சார்ஜ் தீந்துபோய், எதிர்ல இருக்கிற போஸ்டர எழுத்து எழுத்தா படிச்சிக்கிட்டு. யாரும் என்னைப் பாத்து இயேசுவ மறுதலிக்கிறியான்னு கேக்கல. கேட்டிருந்தா கூட வீராப்பா இல்லன்னு சொல்லிருப்பேன். இது அப்படி இல்ல, துணி துவைச்சு துவைச்சு சாயம் போற மாதிரி, எப்ப போச்சுன்னே தெரியாது. ஒரு நாள் திரும்பிப் பாத்தா ஜெபம் பண்ணி 5 மாசம் ஆகியிருந்துச்சு. கோவம்லாம் இல்லீங்க. சொல்ல ஒண்ணும் வரல, அவ்வளவுதான். ராத்திரி குடும்ப ஜெபத்துல உக்காருவேன், பாட்டு பாடுவேன், கண்ண மூடுவேன், உள்ள வெறும் ஃபேன் சத்தம்.

இதுக்கு நடுவுல ஒரு ஜெபக் குழு வீட்டுக்கு வந்தாங்க. எங்க சபை இல்ல, வேற இடம், யாருன்னு சொல்ல வேண்டாம். முழங்கால் போட்டு சத்தமா ஜெபிச்சாங்க, அதுவரைக்கும் சரி. முடிச்சிட்டு அதுல ஒருத்தர் அம்மாவைப் பாத்து "சிஸ்டர், இந்த வீட்டுல அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்கு, அதான் சுகம் தடைபடுது"ன்னாரு. அம்மா முகம் செத்துப் போச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் அவ தூங்கல, கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணிகூட போட்ட சண்டை வரைக்கும் யோசிச்சு யோசிச்சு, அந்த அத்தைக்கு ஃபோன் போட்டு மன்னிப்பு கேட்டா. அத்தைக்கு என்ன விஷயம்னே ஞாபகம் இல்ல. எனக்கு வந்த கோவம் இன்னைக்கும் தீரல, தீரணும்னு ஜெபிக்கவும் இல்ல, உண்மைய சொல்றேன்.

அப்பா மட்டும் அவங்களுக்கு காப்பி குடுத்து வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சாரு. அன்னைக்கு சாயந்தரம் பைபிள்ல யோபு புஸ்தகத்த எடுத்தாரு, ஒரு நல்ல மனுஷன் சொத்து, பிள்ளைங்க, சுகம் எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு ஏன்னு ஆண்டவர்கிட்டயே கத்துற கதை. கடைசி அதிகாரத்துல ஆண்டவர் திட்டுறது யோபுவ இல்ல, நீ பாவம் பண்ணிருப்பன்னு விளக்கம் சொல்ல வந்த சிநேகிதங்களத்தான், "அவ்வளவு கத்தினவன விட்டுட்டு இவனுவள திட்டுறாரு பாத்தியா எம்மா"ன்னு சிரிச்சாரு. அப்புறம் வாத்தியார் புத்தி, கணக்கு பாக்க ஆரம்பிச்சிட்டாரு. முதல்ல ஆடு 7000, கடைசில 14000. ஒட்டகம் 3000, பிறகு 6000. ஏர்மாடு 500 ஜோடி ஆயிரமாச்சு, கழுதையும் அப்படியே. எல்லாம் ரெட்டிப்பு. பிள்ளைங்க? முதல்ல 7 ஆணு 3 பொண்ணு, கடைசிலயும் 7 ஆணு 3 பொண்ணு. "இது மட்டும் ஏன் டபுளாகல?"ன்னு கேட்டாரு. பிரசங்கத்துல ஒரு பதில் சொல்லுவாங்க, செத்த பிள்ளைங்க பரலோகத்துல இருக்காங்க, அதனால கூட்டினா ரெட்டிப்புதான்னு. அப்பாவுக்கு அது ஒப்பல. "கணக்கு டேலி ஆகுது, ஆனா யோபுக்கு டேலி ஆகியிருக்காது"ன்னாரு. புஸ்தகத்த மூடி வச்சுட்டு நோட்டுல 7.15, கஞ்சி, 120ன்னு எழுதினாரு. பதில் கிடைக்காமலேயே ஒருத்தர் புஸ்தகத்த மூடிட்டு நிம்மதியா கஞ்சி குடிக்க முடியும்னு நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

2019 டிசம்பர்ல ஒரு சனிக்கிழமை டோனாவூர் போகணும்னாரு. ஏமி கார்மைக்கேல் அம்மா இருந்த இடம். களக்காடு மலைய பாத்த மாதிரி, மரமும் குருவிச் சத்தமுமா இருக்கும். அயர்லாந்துல பிறந்து இங்க வந்து ஆதரவில்லாத பிள்ளைங்கள நூத்துக்கணக்குல வளத்தவங்க. 1931ல ஒரு குழில விழுந்து கால் உடைஞ்சு, அதுல இருந்து 1951ல சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் பெரும்பாலும் கட்டில்தான். அந்தக் கட்டில்ல இருந்தே எழுதி எழுதித் தள்ளிருக்காங்க. கல்லறைக்குக் கல்லு வேண்டாம்னு சொல்லிட்டுப் போனதால குருவிங்க தண்ணி குடிக்க ஒரு தொட்டி மட்டும் வச்சு அதுல "அம்மா"ன்னு எழுதிருக்காங்க. அப்பா அது பக்கத்துல ரொம்ப நேரம் நின்னாரு. "20 வருஷம். இவ்வளவு ஊழியம் பண்ணவங்களுக்கே எந்திரிச்சு நடன்னு சொல்லல, எனக்கு என்னடா விசுவாசக் குறைவு"ன்னாரு. சொல்லிட்டு ஒரு பெரிய பாரத்த இறக்கி வச்ச மாதிரி மூச்சு விட்டாரு. அப்பதான் தெரிஞ்சுச்சு, அந்த ஜெபக் குழு ஆளு சொன்னது அப்பாவையும் குத்திருக்குன்னு, காப்பி குடுத்துச் சிரிச்சு அனுப்புனதெல்லாம் நமக்காகன்னு.

அடுத்து கொரோனா. மார்ச்ல ஆபீஸ்ல வீட்டுல இருந்து வேலை பாருங்கன்னு சொன்னாங்க, நாலாவது நாள் ஊரடங்கு. பஸ் இல்ல, டாக்சி வர மாட்டேங்கிறான். டயாலிசிஸ் ஊரடங்குக்கு நிக்குமா? எங்க பின் தெருவுல ஒரு அண்ணன், கோயில் பக்கமே வர மாட்டாரு, கோயில்ல எல்லாருக்கும் சோறு போடுற அசனப் பண்டிகைக்கு சாப்பிட மட்டும் வருவாரு, குடிப் பழக்கம் வேற உண்டுன்னு ஊருக்கே தெரியும். அவருதான் "வாத்தியாரே எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவரு நீரு"ன்னு கார எடுத்துட்டு வந்து நின்னாரு. 2 மாசம், வாரம் 3 தடவை, டீசல் காசு மட்டும். ஒவ்வொரு செக்போஸ்ட்லயும் அப்பா தன்னோட கைய ஜன்னல் வழியா நீட்டிக் காட்டுவாரு, ஃபிஸ்டுலா வீங்கி கயிறு மாதிரி இருக்கும், போலீஸ்காரங்க பாஸ கூட வாங்கிப் பாக்க மாட்டாங்க, போங்க போங்கன்னுருவாங்க.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. அப்பா வாழ்க்கைல முதல் தடவையா 12 மணி ஆராதனைக்குப் போகல, வெள்ளிக்கிழமைன்னா மெஷின் நாள். கோயிலும் பூட்டித்தான் கிடந்துச்சு. ஐயர், எங்க சபை போதகர், ஃபோன்ல லைவ் போட்டாரு. அன்னைக்கு வார்டுல ஆள் பத்தாம என்னை மாஸ்க் போட்டு உள்ள உக்கார விட்டாங்க, ஃபோன அப்பா தலகாணில சாச்சு வச்சு, ஆளுக்கொரு இயர்ஃபோன். சிலுவைல இயேசு சொன்ன 7 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாட்டு, ஒரு சின்ன பிரசங்கம். நெட் விட்டு விட்டு வருது. நாலாவது வார்த்தை, என்னை ஏன் கைவிட்டீர், அது ஓடும்போது பக்கத்து பெட்காரருக்கு பிரஷர் இறங்கி நர்ஸ் ஓடி வந்து அலாரத்த அமுத்தி, ஒரே களேபரம், ஒண்ணுமே கேக்கல. எல்லாம் அடங்கினதும் ஐயர் குரல் தெளிவா வருது, அஞ்சாவது வார்த்தை. "தாகமாயிருக்கிறேன்."

அப்பா கண்ணத் திறந்து என்னைப் பாத்தாரு. உதடு வெடிச்சு வெள்ளையா இருந்துச்சு, அன்னைக்கு காலைல இருந்து 150தான் குடிச்சிருந்தாரு. "அவருக்கும்"னாரு. அவ்வளவுதான். ஊசி போடாத கையால கண்ணத் தொடச்சுக்கிட்டாரு.

முப்பது வருஷமா பெரிய வெள்ளிக்கு அந்த வார்த்தையக் கேட்டிருக்கேன். ஆத்தும தாகம், நம்ம மேல வச்ச தாகம், என்னென்னமோ சொல்லுவாங்க. தண்ணி தாகம்னு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டுற வெறும் தாகம்னு எனக்கு தோணுனதே இல்ல. அன்னைக்கு பல மாசம் கழிச்சு நான் ஜெபிச்சேன், அத ஜெபம்னு சொல்ல முடியுமான்னு தெரியல, ஆண்டவரே இவருக்குத் தாகமா இருக்கு, உமக்குத் தெரியும்ல, அவ்வளவு. ஆமென் கூட சொல்லல. ஆனா யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்புறம் என் விசுவாசம் பெருசாச்சான்னு கேட்டா, இல்ல. சின்னதாத்தான் ஆச்சு. முன்னாடி நான் நம்பின பட்டியல் நீளம், கேட்டது கிடைக்கும், நல்லவங்களுக்கு நல்லதே நடக்கும், அட்டைல வந்தா நடந்தே தீரும்னு. எங்க ஆச்சி பதநி காய்ச்சும்போது பானை நிறைய ஊத்துவா, பனை ஓலையப் போட்டு எரிச்சு எரிச்சு, பொங்கி, வத்தி, கடைசில நாலு சிரட்டைக்குத்தான் தேறும். அந்த மாதிரி. பூட்டிக் கிடந்த கோயில் திறந்ததும் பழையபடி போனேன், ஜெபிக்கிறேன், சில நாள் இன்னும் ஃபேன் சத்தம்தான், ஆனா முன்ன மாதிரி அதுக்கு பயப்படறதில்ல.

2021 செப்டம்பர்ல அப்பாவுக்கு மெஷின் தாங்கல. போட்டதும் பிரஷர் இறங்கிரும், இதயம் வீக்காயிருச்சு. டாக்டர் எங்கள தனியா கூப்பிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனி கேக்குறத குடுங்கன்னாரு. திண்ணைல கட்டிலப் போட்டோம். பானைத் தண்ணி வேணும்னாரு. அம்மா அந்த எவர்சில்வர் டம்ளர்லயே மோந்து குடுத்தா, அண்ணாந்து மடக் மடக்குன்னு ஒரே மூச்சுல குடிச்சிட்டு, டம்ளர நீட்டி, "நூத்தம்பது, எழுதிக்கோ"ன்னாரு. நான் பதறி நோட்ட எடுக்க உள்ள ஓடினேன். வந்து பாத்தா அம்மா ரெண்டாவது டம்ளர் மோந்துக்கிட்டு இருக்கா, ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க.

நோட்டு எங்கிட்டதான் இருக்கு. கடைசி பக்கத்துல அன்னைக்கு தேதிய மட்டும் எழுதிருக்கேன்.