ஒரு நாளைக்கு ஐந்து மெயில்

லண்டனில் இருந்து எங்கள் பழைய பையர் ஒருவர் போன் செய்தார். கொட்டேஷன் கேட்டு ஒரு வாரம் ஆகிறது, ஏன் பதிலே இல்லை என்று கேட்டார். நான் அன்றைக்கே அனுப்பியிருந்தேன். தேடிப் பார்த்துவிட்டு, ஸ்பேமில் கிடக்கிறது என்றார். ஐந்து வருடமாக எங்களிடம் வாங்குகிறவர். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நான் வேலை பார்ப்பது கரூரில் பன்னிரண்டு தறி ஓடும் ஒரு சின்ன நிறுவனத்தில். கிச்சன் டவல், ஏப்ரன், மேசை விரிப்பு நெய்கிறோம். பாதி நாள் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கும் ஜாப் ஒர்க். அதை விட்டு நாமே நேராகப் பையர் பிடிக்க வேண்டும் என்பது முதலாளி அண்ணாவின் பல வருட ஆசை. அதற்காக ஒருவரிடம் 4,000 மெயில் முகவரி விலைக்கு வாங்கினோம். கனமான கேட்டலாக்கை இணைத்து, இருநூறு இருநூறாக, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பிசிசியில் போட்டு அனுப்பியவள் நான்தான். நூற்றுக்கணக்கில் முகவரியே இல்லை என்று திரும்பி வந்தன. போய்ச் சேர்ந்த இடங்களில் எத்தனை பேர் ஸ்பேம் பட்டனை அழுத்தினார்களோ. கெட்டது அந்த ஒரு மெயில் மட்டுமில்லை, எங்கள் டொமைனின், அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயரின், மதிப்பே கெட்டுவிட்டது. அதனால்தான் பழைய பையருக்குப் போன மெயிலும் ஸ்பேமில் விழுந்தது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது ஜிமெயில். ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் அழுத்தினாலே போதும்.

மெயில் உண்மையிலேயே எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளையும் சரியாகப் போட்டுக்கொடுக்க ஒரு தம்பி வந்தார். அரை நாள் வேலை. பெயர் தேறி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மாதமும் நான் யாருக்கும் புதிதாக எழுதவில்லை. படிக்க மட்டும் செய்தேன்.

இங்கிலாந்தில் கிச்சன் சாமான் விற்கும் சின்னச் சின்னக் கடைகளின் இணையதளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டவல் பருத்தியா, லினன் கலந்ததா, எந்த நாட்டில் நெய்தது, என்ன விலை, வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். அந்த நாட்டு நிறுவனங்களின் இயக்குநர் பெயர்கள் கம்பெனீஸ் ஹவுஸ் பதிவேட்டில் இலவசமாகவே கிடைக்கும். கம்பெனி உயிரோடு இருக்கிறதா, கணக்கு ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்களா என்பதும் அதிலேயே தெரியும். இரண்டு பேர் நடத்தும் கடை என்றால் மெயிலைப் படிக்கப்போவது அந்த இருவரில் ஒருவர்தான்.

அப்படிப் பார்த்த ஒரு கடையில், டவலைக் கொக்கியில் மாட்டும் லூப் நாலு முறை துவைத்தாலே பிய்ந்துவிடுகிறது என்று மூன்று பேர் குறை எழுதியிருந்தார்கள். எங்கள் தையல்காரரிடம் காட்டினேன். "லூப்பை மேலாப்புல வெச்சுத் தெச்சிருக்காங்க கண்ணு, மடிப்புக்குள்ள விட்டு பார்டேக் அடிச்சா துணியே கிழிஞ்சாலும் லூப் வராது" என்றார். பார்டேக் என்பது ஒரே இடத்தில் நெருக்கமாக அடிக்கும் பலமான தையல். அதையே எழுதினேன். உங்கள் வாடிக்கையாளர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நாங்கள் இப்படித் தைக்கிறோம், இதோ லூப்பின் படம், 50x70 செ.மீ. அளவில் இரண்டு டவல் அனுப்பிவைக்கட்டுமா என்று பத்தே வரி. எங்கள் தெரு முகவரி கீழே இருந்தது. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், மறுபடி எழுத மாட்டோம் என்றும் சேர்த்திருந்தேன்.

அண்ணா பார்த்துவிட்டு, "நாம லீடிங் மேனுஃபேக்சரர்னு எங்கயுமே போடலையே கண்ணு?" என்று கேட்டார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. முப்பது வருட உழைப்பை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டாமா? ஆனால் கரூரில் அந்த வரியை எழுதாதவர்கள் யார்? "அந்த லூப்பே சொல்லுதுங்கண்ணா" என்றேன். சரி, அனுப்பு என்றார்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. இப்போது சரக்கு இருக்கிறது, செப்டம்பரில் எழுதுங்கள் என்று. நோட்டில் தேதி போட்டு வைத்து, செப்டம்பரில் எழுதினேன். சாம்பிள் போய், கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு 600 டவலுக்கு ஆர்டர் வந்தது. பெரிய கம்பெனிக்கு அது ஒரு ஆர்டரே இல்லை. எங்களுக்கு, எங்கள் பெயரிலேயே லேபிள் தைத்துப் போன முதல் புதுச் சரக்கு.

இப்போது ஒரு நாளைக்கு ஐந்து மெயிலுக்கு மேல் அனுப்புவதில்லை. அதற்குள்தான் ஒழுங்காகப் படித்து எழுத முடிகிறது. அங்கே காலை ஒன்பது மணி ஆகும்போது அனுப்புவேன், கோடையில் நமக்கு ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒரு முறை, அப்புறம் ஒரு மாதம் கழித்து ஒரு முறை, அத்தோடு சரி. வேண்டாம் என்றவர்களை ஷீட்டில் சிவப்பில் குறித்துவிடுவேன். அந்த வரிசையை யாரும் தொடக் கூடாது என்று புதிதாக வந்த பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஜெர்மனி வேறு மாதிரி. அங்கே தொழில் நடத்தும் இணையதளம் எதிலும் இம்ப்ரெஸும் என்று ஒரு பக்கம் சட்டப்படி இருக்க வேண்டும். நிறுவனத்தை நடத்துகிறவர் பெயர், முகவரி, மெயில் எல்லாம் அதில் இருக்கும். முதலில் பார்த்தபோது புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் முன் அனுமதி இல்லாமல் விளம்பர மெயில் அனுப்புவது அங்கே சட்டப்படி தப்பு, கம்பெனிக்கு அனுப்பினாலும் தப்புதான். நிறைய பேர் அதைக் கண்டுகொள்வதில்லை. எனக்கு மனசு வரவில்லை. அதனால் தபாலில் கடிதம் அனுப்புகிறோம், ஒரு கைக்குட்டை அளவு வாஃபிள் துணியை (குழிக் கட்டம் போட்டு நெய்த துணி) வெட்டி ஓரம் அடித்து உள்ளே வைத்து. அண்ணா கையெழுத்துப் போடுகிறார். இதுவரை இருபத்தெட்டு கடிதம் போயிருக்கிறது.

போன வாரம் ஹாம்பர்க்கில் இருந்து ஒரு அம்மா மெயில் அனுப்பியிருந்தார். துணியைத் துவைத்துப் பார்த்தாராம். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) என்ன, சாம்பல் நிறத்தில் வருமா, 300 பீஸ் எடுத்தால் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். நான்காம் தறியில் இன்றைக்குச் சாம்பல் பாவு ஏற்றியிருக்கிறோம்.