துலக்கப்படாத தங்கம்: பழைய அமெரிக்கக் காசுகளைத் தரம் பார்ப்பது பற்றி

யாழ்ப்பாணத்தில் தங்கம் என்றாலே பவுண் கணக்குத்தான். தாலிக்கொடி எத்தனை பவுண், காப்பு எத்தனை பவுண் என்ற கேள்வியோடுதான் எங்கள் வீடுகளில் பேச்சு தொடங்கும். அந்தக் கணக்குக்கு அடிப்படையான பிரித்தானியச் சவரின் காசு 7.988 கிராம் நிறையும் 22 கரட் மாற்றும் கொண்டது. அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். அமெரிக்காவின் 5 டொலர் காசு, அதாவது சேகரிப்பாளர்கள் அரைக் கழுகு என்று அழைக்கும் காசு, 1837 முதல் ஆயிரத்தில் 900 பங்கு தங்கமும் மீதி பெரும்பாலும் செம்புமாக 8.359 கிராம் நிறுக்கும். அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.52 கிராம். மாற்று குறைந்த காசில்தான் தங்கம் கூடுதலாக இருக்கிறது. கஸ்தூரியார் வீதியில் எந்த நகைக்கடையில் கொடுத்தாலும் இந்த வேறுபாட்டை உடனே கண்டுபிடித்து, அன்றைய விலைக்கு ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரே நிறையும் ஒரே மாற்றும் உள்ள இரண்டு அரைக் கழுகுகளில் ஒன்று தங்க விலைக்குச் சற்று மேலாகவும், மற்றையது அதைப்போல் பல நூறு மடங்குக்கும் விற்கப்படுவது ஏன் என்பதற்கு உரைகல்லில் விடை கிடையாது. அந்த விடையைத் தேடுவதுதான் நான் பல காலமாக விரும்பிச் செய்துவரும் வேலை.

அரிதாதல் என்பதிலிருந்து தொடங்குகிறேன். எத்தனை காசு அச்சிட்டார்கள் என்பதைவிட, எத்தனை காசு உருக்குச் சட்டிக்குத் தப்பியது என்பதுதான் இங்கே முக்கியம். 1792ஆம் ஆண்டின் அமெரிக்க நாணயச் சட்டம் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையிலான மதிப்பு விகிதத்தை 15க்கு 1, அதாவது 15 பங்கு வெள்ளி ஒரு பங்கு தங்கத்துக்குச் சமம், என்று வகுத்தது. ஐரோப்பியச் சந்தையில் தங்கத்தின் மதிப்பு அதைவிட உயர்ந்தபோது, அமெரிக்கக் காசை வாங்கிக் கப்பலில் ஏற்றி உருக்குவதே இலாபமாகிவிட்டது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் தமது செமினரியைத் தொடங்கிய 1823ஆம் ஆண்டை மனதில் வைத்துக்கொண்டால் அந்தக் காலம் எங்களுக்குக் கிட்ட வரும். அவர் பிறந்த நாட்டின் தங்கக் காசுகள் அந்த ஆண்டுகளில் அச்சிலிருந்து வெளியேறிய வேகத்திலேயே மறைந்துகொண்டிருந்தன. 1834 யூன் மாதச் சட்டம் காசின் தங்க அளவைக் குறைத்து விகிதத்தை ஏறத்தாழ 16க்கு 1 ஆக்கிய பிறகுதான் அவை மக்கள் கையில் புழங்கத் தொடங்கின.

அந்த மறைவின் மிகப் பெரிய சாட்சி 1822ஆம் ஆண்டின் அரைக் கழுகு. நாணயச்சாலைப் பதிவின்படி அந்த ஆண்டில் 17,796 காசுகள் அச்சிடப்பட்டன. இன்று அறியப்பட்டவை 3 மட்டுமே. அவற்றில் இரண்டு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருப்பதால், ஒருவர் விலை கொடுத்து வாங்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அமெரிக்க நாணயங்களில் அறியப்பட்ட ஆண்டும் வகையும் அனைத்தையும் சேர்த்து முடித்தவர் என்று பெயர் பெற்ற லூயிஸ் எலியாஸ்பெர்க்கின் தொகுப்பிலிருந்து 1982இல் அது 687,500 டொலருக்கு விற்கப்பட்டது. 2021இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது 84 இலட்சம் டொலரைத் தொட்டது. இதற்கு எதிர்முனையில் நிற்பது 1881இல் பிலடெல்பியாவில் அச்சிடப்பட்ட அரைக் கழுகு. 50 இலட்சத்துக்கும் மேற்பட்டு அச்சிடப்பட்ட அந்தக் காசை இன்றும் எளிதாக வாங்கலாம். என்னிடம் உள்ள முதற் காசு அதுவே. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா கொண்டுவந்து தந்தது. அரிதான காசைத் தரம் பார்க்கக் கற்பவர் பொதுவான காசிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதால், அதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டுக்கும் இடையில்தான் சேகரிப்பாளரின் உண்மையான உலகம் விரிகிறது. வட கரோலைனாவின் சார்லட், ஜோர்ஜியாவின் டலோனிகா ஆகிய இரண்டு ஊர்களிலும் அருகில் தங்கம் கிடைத்ததால் 1838இல் கிளை நாணயச்சாலைகள் திறக்கப்பட்டன. தங்கக் காசு மட்டுமே அச்சிட்ட அவை 1861இல் உள்நாட்டுப் போரோடு மூடப்பட்டன. கலிபோர்னியாத் தங்கம் வெளிப்பட்ட பிறகு 1854இல் சான் பிரான்சிஸ்கோவும், நெவாடா மாநிலத்தில் 1870இல் கார்சன் சிற்றியும் வந்தன. எங்கே அச்சிடப்பட்டது என்பதைக் காசிலுள்ள ஒரு சிறிய எழுத்து காட்டும். பின்பக்கத்தில் கழுகின் கீழே அதைத் தேட வேண்டும். 1838, 1839ஆம் ஆண்டுகளின் சார்லட், டலோனிகா அரைக் கழுகுகளிலோ அது முன்பக்கத்தில் ஆண்டுக்கு மேலே இருக்கும்.

இனித் தரம். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய செப்புச் சதங்களுக்காக 1 முதல் 70 வரையான ஓர் அளவுகோலை வகுத்தார். மிகமோசமான காசைவிட மிகச்சிறந்த காசு 70 மடங்கு விலை பெறும் என்ற அன்றைய சந்தைக் கணக்கே அந்த எண்ணுக்குக் காரணம். விலைக்கணக்கு விரைவிலேயே பொய்த்துப்போனாலும் எண்கள் நிலைத்துவிட்டன. தங்கத்தில் 40, 45 என்றால் ஓரளவு புழங்கிய நல்ல காசு. 50 முதல் 58 வரை என்றால் மிகச் சிறிதளவே புழங்கியது. 60இலிருந்து மேலே என்றால் புழக்கத்துக்கே போகாதது.

புழக்கத்தைக் கண்டறிய முதலில் பார்க்க வேண்டியவை காசின் மேடான இடங்கள். கிறிஸ்டியன் கோப்ரெக்ட் வடிவமைத்து 1908 வரை நீடித்த சுதந்திர தேவியின் தலை உருவத்தில், நெற்றிக்கு மேலுள்ள கூந்தலும் முடியணிக்குப் பின்னாலுள்ள கூந்தலும் முதலில் தேயும். பின்பக்கத்தில் கழுகின் கழுத்தும் இறக்கை நுனிகளும் தேயும். இதை ஒரு நல்ல பூதக்கண்ணாடியும் ஒற்றை விளக்கும் காட்டிவிடும். ஆனால் டலோனிகாக் காசை எடுத்தால் இந்த எளிய விதி போதாது. அங்கே அச்சு பல வேளைகளில் ஆழமாகப் பதியவில்லை. ஆகவே ஒருநாளும் ஒருவர் கையிலும் புழங்காத காசிலும் கழுகின் கழுத்து மழுங்கியிருக்கும். தேய்ந்த இடத்தில் மேற்பரப்பின் ஒளிர்வு போய் நிறம் மங்கியிருக்கும். பதியாத இடத்தில் உருவம் தெளிவில்லாவிட்டாலும் ஒளிர்வு அப்படியே நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால் சார்லட், டலோனிகா ஆகிய அமெரிக்கத் தெற்குக் காசுகளின் பாதிப் பாடம் முடிந்தது என்பேன்.

ஒளிர்வு என்று நான் சொல்வது வெறும் மினுக்கம் அன்று. அச்சு அழுத்தும் கணத்தில் தங்கம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது; அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள் மேற்பரப்பில் பதிகின்றன. காசைச் சாய்த்து விளக்கின் கீழே மெல்லத் திருப்பினால் அந்த வரிகளில் பட்ட ஒளி வண்டிச் சில்லின் ஆரக்கால்களைப்போலச் சுழன்று வரும். எங்கே அந்தச் சுழற்சி அறுபடுகிறதோ அங்கே ஒரு விரலோ, துணியோ, இன்னொரு காசோ உரசியிருக்கிறது. 20 டொலர் இரட்டைக் கழுகில் இந்த அறுபடுதல் கிட்டத்தட்டத் தவிர்க்க முடியாதது, 33.436 கிராம் நிறையுள்ள மென்மையான உலோகத்தைப் பையில் கொட்டி ஊர் ஊராகக் கொண்டுபோனால் தேவியின் கன்னத்தில் வடுப் படாமல் இருக்குமா? 1857 செப்ரெம்பரில் பனாமாப் பக்கத்திலிருந்து நியூயோர்க் நோக்கிப் போன ‘சென்ட்ரல் அமெரிக்கா’ என்ற கப்பல் புயலில் மூழ்கியது; 1988இல் அதன் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டு, அதிலிருந்து 1857இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சிடப்பட்ட இரட்டைக் கழுகுகள் ஆயிரக்கணக்கில் மேலே வந்தன. அந்தக் காலத்துக் காசு அச்சிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்தது என்பதைப் பலர் அப்போதுதான் தங்கள் கண்ணால் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்த கப்பல் அது என்பதையும் அந்தக் காசுகளின் படங்களைப் பார்க்கும்போது மறந்துவிடக் கூடாது.

எங்கள் ஊர்க்காரருக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். நகையைத் துலக்குவது எங்கள் வழக்கம். திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ முன்னால் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் போட்டுத் தூரிகையால் தேய்த்து, இல்லாவிட்டால் பத்தரிடம் கொடுத்து மெருகேற்றி அணிவோம். நகைக்கு அது சரி. காசுக்கு அது மரணம். நான் மேலே சொன்ன ஓட்ட வரிகள் ஒரே ஒரு தேய்ப்பில் அழிந்துபோகின்றன. அவற்றின் இடத்தில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் வருகின்றன. காசு முன்னைவிடப் பளபளக்கும், ஆனால் அந்தப் பளபளப்பு சுழலாது, உறைந்து நிற்கும். தரப்படுத்தும் நிறுவனங்கள் அப்படிப்பட்ட காசுக்கு வழக்கமான எண்தரம் கொடுப்பதில்லை. சுத்தம் செய்யப்பட்டது என்று சீட்டில் எழுதிவிடுகின்றன. பதக்கமாக அணிவதற்கு வளையம் ஒட்டிய காசுக்கும் இதே கதிதான். வளையத்தைக் கழற்றி எவ்வளவு நேர்த்தியாக அராவினாலும் பற்றாசு பட்ட இடம் விளிம்பில் தெரியும்.

துலக்கப்படாத பழைய தங்கத்துக்கு ஒரு நிறம் உண்டு. செம்பு கலந்ததால் மெல்லிய செம்மை படர்ந்திருக்கும். டலோனிகாக் காசுகளில் அந்த மண்ணின் தங்கத்தோடு வெள்ளியும் சேர்ந்து வந்ததால் சற்றுப் பச்சை ஓடியிருக்கும். எழுத்துக்களைச் சுற்றியும் நட்சத்திரங்களின் இடுக்குகளிலும் பழைய அழுக்குப் படிந்திருக்கும். அந்த அழுக்கு எனக்குப் பிடிக்கும். அது இருக்கும்வரை யாரும் அந்தக் காசில் கைவைக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

போலிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் நிறையையும் மாற்றையும் மட்டுமே நம்புகிறவர்களை அவை எளிதில் வெல்கின்றன. நீரில் நிறுக்கும் சோதனை நல்லதுதான்: அரைக் கழுகை மெல்லிய நூலில் கட்டி நீரில் முழுக்கவிட்டு நிறுத்தால் ஏறத்தாழ 0.49 கிராம் குறைய வேண்டும், அதாவது அடர்த்தி 17.2 அளவில் வரவேண்டும். மட்டமான போலி இதிலேயே பிடிபடும். ஆனால் 1950களிலும் 60களிலும் லெபனானில் செய்யப்பட்ட போலிகள் உண்மையான தங்கத்தாலானவை. 1933 முதல் 1974 முடியும்வரை அமெரிக்கர் தங்கக் கட்டி வைத்திருக்கச் சட்டத் தடை இருந்தது, பழைய காசு வைத்திருப்பதற்கு விலக்கு இருந்தது. ஆகவே காசு அதன் தங்க மதிப்பைவிட உயர்ந்த விலைக்குப் போனது, சரியான தங்கத்தில் போலி செய்தாலும் இலாபம் வந்தது. இவற்றைத் தராசு காட்டாது. விளிம்புப் பற்களுக்கு அருகில் கருவி பட்ட கீறல், தடித்து உருண்ட எழுத்துக்கள், வெவ்வேறு காசுகளில் ஒரே இடத்தில் வரும் ஒரே பள்ளம் ஆகியவற்றைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 1854இல் சான் பிரான்சிஸ்கோவில் அச்சிடப்பட்ட அரைக் கழுகுகள் 268 மட்டுமே. நெடுங்காலமாக அறியப்பட்டவை மூன்று. 2018இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியைச் சேர்ந்த ஒருவரிடம் நான்காவது ஒன்று வெளிப்பட்டது. அவர் காட்டிய இடங்களில் அது போலி என்றே சொன்னார்கள். இத்தனை அரிதான காசு இப்படிக் கையில் வந்து சேராது என்பதே அவர்கள் நினைப்பு. காசுகளைத் தரப்படுத்தும் என்.ஜி.சி. நிறுவனம் அதை ஸ்மித்சோனியனில் உள்ள காசின் படங்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை என்று உறுதிசெய்து 45 என்ற தரம் கொடுத்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் அது 21 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. ஓர் அருங்காட்சியகம் தன்னிடமுள்ளதைத் தெளிவாகப் படமெடுத்து வைத்திருந்ததால்தான் ஓர் உண்மை மீட்கப்பட்டது. யாழ்ப்பாண அரசின் ‘சேது’ காசுகளுக்கும் அப்படியொரு முழுமையான படத்தொகுப்பு வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

காசைப் பெட்டியில் அடைத்து எண் கொடுக்கும் பி.சி.ஜி.எஸ். 1986இலும் என்.ஜி.சி. 1987இலும் பணியைத் தொடங்கின. தொலைவிலிருந்து வாங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு அவை பெரிய துணை. போலி என்ற பயம் பெருமளவு தீர்ந்துவிடும். ஆயினும் எண்ணை மட்டும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 58 தரமுள்ள ஒரு காசு, அதாவது மிக மெல்லிய உரசல் மட்டும் கண்ட காசு, கன்னம் முழுதும் பை வடுவோடு 61 பெற்ற காசைவிடப் பல வேளைகளில் கண்ணுக்கு அழகாக இருக்கிறது, விலையிலும் குறைகிறது. 2007இல் தொடங்கிய சி.ஏ.சி. நிறுவனம், ஏற்கெனவே தரப்பட்ட காசுகளை மீண்டும் பார்த்துத் தகுதியானவற்றுக்குப் பச்சை ஒட்டி ஒட்டுவதே, ஒரே எண்ணுக்குள் நல்லதும் அல்லாததும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்வதுதான்.

எங்கள் கடற்காற்றில் காசைப் பாதுகாப்பதில் ஒன்றைக் கவனியுங்கள்: மலிவான மென்மையான பிளாஸ்ரிக் உறைகள் காலப்போக்கில் பச்சைப் பிசின் கசிந்து, கலந்துள்ள செம்பைப் பிடிக்கும். கடினமான உறையும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியும் போதும்.

இப்போது நான் பணம் சேர்ப்பது 1840களின் டலோனிகா அரைக் கழுகு ஒன்றுக்காக. ஏலப் படங்களில் 55 தரத்தில் வெளிறி மினுங்கும் காசுகளும், 45 தரத்தில் பச்சை ஓடிய, நட்சத்திர இடுக்குகள் கறுத்த காசுகளும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. நான் வாங்கப்போவது இரண்டாவது வகையைத்தான். அப்படி ஒன்று என் வரவுக்குள் வரும்வரை காத்திருப்பேன்.