மைட்டோகாண்ட்ரியா நோயும் எங்க ரெண்டாவது குழந்தையும்: நாங்க கடந்து வந்த வழி

எங்க மகன் 2018ல போயிட்டான், அப்போ அவனுக்கு ரெண்டரை வயசு. லீ சிண்ட்ரோம், மைட்டோகாண்ட்ரியா கோளாறால மூளையும் நரம்பும் கெட்டுப் போற ஒரு பரம்பரை நோய். அந்தப் பேரு தெரியவே ஒன்றரை வருஷம் ஆச்சு, முதல்ல காட்டின ஆஸ்பத்திரில "சில பிள்ளைங்க லேட்டாதான் நடக்கும்"னு சொல்லி சொல்லியே அனுப்பிட்டாங்க, நின்ன தலை சாஞ்சு, பால் முழுங்க முடியாம போனதுக்கு அப்புறம்தான் எம்ஆர்ஐ, ஜீன் டெஸ்ட் எல்லாம். நாங்க இருக்கிறது இங்கிலாந்துல, லீட்ஸ் பக்கம். இதே நிலைமைல யாராவது இருந்தா உதவட்டும்னு எழுதுறேன்.

ரிசல்ட் சொன்ன டாக்டர் "இது உங்க வழியா வந்திருக்கு, ஆனா உங்க தப்பு இல்ல"ன்னார். எனக்கு முதல் பாதிதான் காதுல விழுந்துச்சு. மைட்டோகாண்ட்ரியாங்கிறது செல்லுக்குள்ள எரியிற அடுப்பு மாதிரி, அதுக்குன்னு தனியா 37 ஜீன் இருக்கு, அது அம்மாவோட முட்டை வழியாதான் பிள்ளைக்குப் போகும். மத்த 20,000 சொச்சம் ஜீன் அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வரும். எனக்கு 8993ங்கிற இடத்துல ஒரு எழுத்து மாறி இருக்கு. ஆனா என் உடம்புல நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்குறதால எனக்கு எந்த தொந்தரவும் இல்ல. ஊர்ல இருக்கிற எங்க அம்மாவுக்கு போன்ல இப்படித்தான் சொன்னேன்: கல்லு கலந்த அரிசி மூட்டைம்மா நானு, ஒவ்வொரு முட்டையும் அதுலருந்து அள்ளுற ஒரு கைப்பிடி, ஒரு கைல ரெண்டு கல்லு வரும், ஒரு கைல முக்காவாசி கல்லாவே வரும், என் புள்ளைக்கு அப்படி வந்துருச்சு. அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "அப்போ மூட்டையே என்கிட்டருந்துதான வந்திருக்கு"ன்னாங்க. அந்த ராத்திரி நாங்க ரெண்டு பேரும் தூங்கல.

அடுத்த குழந்தைக்கு எங்க முன்னாடி இருந்த வழிங்க: தத்து எடுக்கிறது, வேற பெண்ணோட முட்டை வாங்கிக்கிறது, ஐவிஎஃப்ல கரு உண்டாக்கி அதுல சில செல் எடுத்து டெஸ்ட் பண்ணி கெட்டது கம்மியா இருக்கிற கருவை மட்டும் வைக்கிறது (பிஜிடின்னு சொல்வாங்க), இல்லன்னா மைட்டோகாண்ட்ரியா தானம், அதாவது எங்க கருவோட நியூக்ளியஸை (அந்த 20,000 சொச்சம் ஜீன் இருக்கிற நடுப்பாகம்) நல்ல மைட்டோகாண்ட்ரியா இருக்கிற வேற பெண்ணோட முட்டைல உண்டான கருவுக்கு மாத்துறது. இந்தக் கடைசி முறைக்கு இங்க பார்லிமென்ட்ல 2015ல ஓட்டு போட்டு அனுமதி கொடுத்தாங்க, நியூகாசில் கிளினிக்குக்கு 2017ல லைசென்ஸ் கிடைச்சுது. ஆனா நேரா போய் கேட்டு வாங்குற விஷயம் இல்ல, பிஜிடி ஒத்து வராது, வந்தாலும் பலன் இருக்காதுன்னு இருக்கிறவங்களுக்குத்தான், அதுவும் எச்எஃப்இஏன்னு இங்க கருத்தரிப்பு சிகிச்சையைக் கண்காணிக்கிற அமைப்போட கமிட்டி ஒவ்வொரு கேஸா பார்த்துதான் விடும்.

2021ல முதல் பிஜிடி. அஞ்சு கரு வந்துச்சு, நாலுல கெட்டதோட அளவு ரொம்ப அதிகம், ஒண்ணு நடுவுல. தானத்துக்கு அப்ளை பண்றதைப் பத்தியும் அப்பதான் பேச்சு வந்துச்சு.

எங்க வீட்ல உடனே "தங்கச்சி முட்டை கொடுக்கட்டுமே"ன்னாங்க. அவளும் அதே மூட்டைதானே, அவகிட்டருந்து வாங்கி என்ன பிரயோஜனம். அப்போ என் நாத்தனார், தங்கமான பொண்ணு, "அண்ணி, நான் தர்றேன், அந்த 37 ஜீன் தானே, என் வழி வேறதானே"ன்னு அவங்களாவே முன்வந்தாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. அதை கவுன்சிலர்கிட்ட சொன்னப்போதான் அவங்க ஒரு பேப்பர்ல ரெண்டு வட்டம் போட்டு காட்டினாங்க. அங்க செய்யிற முறைல என் முட்டை, தானம் கொடுக்கிறவங்க முட்டை ரெண்டையுமே என் வீட்டுக்காரரோட விந்து சேர்த்து கருவாக்கணும். அப்புறம் தானம் கொடுத்தவங்க கருவுல இருக்கிற நியூக்ளியஸ் பாகத்தை எடுத்துப் போட்டுட்டு எங்க கருவோடதை அங்க வைப்பாங்க. நாத்தனார் முட்டை, அண்ணனோட விந்து. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்ல.

நியூஸ் பேப்பர்ல எல்லாம் "மூணு பெற்றோர் குழந்தை"ன்னுதான் போட்டாங்க, அது என்னை பெருசா உறுத்தல. முன்பின் தெரியாத ஒருத்தி எனக்காக ஊசி போட்டுக்கிட்டு வலி தாங்கி கொடுக்கிறா, அவ அம்மா இல்ல, ஆனா நன்றி சொல்ல வேண்டிய ஆள். சட்டப்படி அவ பேரு பிள்ளைக்குத் தெரியாது, 16 வயசுல அடையாளம் இல்லாத சில விவரம் மட்டும் கிடைக்கும். சாதாரண முட்டை தானத்துல 18 வயசுல பேரே கேட்டு வாங்கலாம். இந்த வித்தியாசம் எனக்கு நியாயமா படல, 37 ஜீன்தான்னாலும் உயிரோட இருக்கிறதே அவளாலதான்னா கேட்கிற உரிமை பிள்ளைக்கு வேணும்.

என்னை உறுத்தினது அந்த ரெண்டாவது வட்டம். பாதி என் வீட்டுக்காரரோட கரு, எங்களுக்கு இடம் கொடுக்கத்தான் உருவாகி ஒதுங்கிப் போகுது. பிஜிடிலயும் கரு போகத்தானே செய்யுதுன்னு அவர் சொன்னார், வாஸ்தவம்தான். ஆனா அது நோய் இருக்குன்னு விடுறது, இது நல்லா இருக்கிறதை எடுக்கிறதுன்னு எனக்குத் தோணுச்சு. இதுல ஒத்துக்கிட்டுப் போற அம்மாக்களை நான் ஒரு சொல்லு குறை சொல்ல மாட்டேன், எனக்கும் வேற வழியே இல்லன்னா கையெழுத்து போட்டிருப்பேன்.

அமெரிக்கால 2016ல ஒரு நிபுணர் குழு, இந்த தான முறைல ஆரம்பத்துல ஆண் கருவை மட்டும் வைக்கலாம்னு சொன்னாங்களாம், ஆம்பள பிள்ளை அடுத்த தலைமுறைக்கு கடத்தாதுன்னு. படிச்சப்போ வயிறு எரிஞ்சுது. ஸ்கேன் சென்டர்ல "ஆணா பெண்ணான்னு சொல்ல மாட்டோம்"னு போர்டு மாட்ட வேண்டிய ஊர்லருந்து வந்தவ நான், என்ன காரணம் சொன்னாலும் அதை என்னால ஏத்துக்க முடியாது.

கடைசில இன்னொரு தடவை பிஜிடியே பார்ப்போம்னு முடிவு பண்ணோம். அதுக்கு முன்னாடி அந்த நடு அளவு கருவுக்கு ஒரு ஃபார்ம். வச்சா நல்லாவும் பிறக்கலாம், மகன் மாதிரியும் ஆகலாம். நமக்கு பிள்ளை வேணும்னு அந்த ரிஸ்க்கை அது தலைல வைக்க எனக்கு மனசு வரல. வேண்டாம்னு டிக் பண்ற கட்டத்துல பேனா எழுதல, உதறி உதறி மூணாவது தடவைதான் மை வந்துச்சு. வீட்டுக்காரர் அடுத்த கோட்டுல கையெழுத்து போட்டார்.

2022ல ரெண்டாவது சுத்து, ஒரே ஒரு கரு, அளவு ரொம்ப கம்மி. 2023ல பாப்பா பிறந்தா. நல்லா ஓடி ஆடுறா. 2025 ஜூலைல நியூகாசில் டாக்டர்ஸ் ரிசல்ட் வெளியிட்டாங்க, தானம் மூலமா ஏழு அம்மாக்களுக்கு எட்டு குழந்தைங்க, நாலு பொண்ணு நாலு பையன், எல்லாரும் நல்லா இருக்காங்க, சிலர்கிட்ட கெட்டது கொஞ்சம் ஒட்டிட்டு வந்திருக்கு, ஆனா நோய் வர்ற அளவுக்கு இல்ல. பாப்பாவை மடில வச்சுக்கிட்டே படிச்சேன், அழுகை வந்துருச்சு.

தங்கச்சிக்கு இப்போ வரன் பார்க்கிறாங்க. வெளிய சொன்னா கல்யாணம் நின்னுடும்னு வீட்ல பயம். நான் ஒத்துக்கல, முதல்ல அவளுக்குத் தெரியணும்னு எல்லா ரிப்போர்ட்டையும் அவளுக்கு அனுப்பிட்டேன். மதுரைல டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்திருக்கா. பையன் வீட்ல என்னைக்கு சொல்றதுன்னு அவளே முடிவு பண்றேன்னு சொல்லிருக்கா, சொல்லும்போது நானும் போன்ல இருக்கணுமாம்.