ஹாட்டீஸ்பர்க்கில் வாக்காளராகப் பதிந்துகொண்ட அனுபவம்

மிசிசிப்பி மாநிலத்தில் முதன்முறையாக வாக்காளராகப் பதிந்துகொள்பவர் அதை இணையவழியில் செய்துமுடிக்க இயலாது. காகிதப் படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டு, தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பாகத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது தாம் வசிக்கும் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), நீதிமன்றப் பதிவுகளோடு வாக்காளர் பதிவையும் கவனிக்கும் அதிகாரியான சர்க்யூட் கிளார்க்கின் அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு நான் நேரில் செல்லவே விரும்பினேன். தபால் வசதி இல்லாமல் அல்ல. ஹாட்டீஸ்பர்க் நகரம் அமைந்துள்ள, நான் வசிக்கும் ஃபாரஸ்ட் கவுண்டியில், 1960களின் தொடக்கத்தில் கறுப்பினத்தவரைப் பட்டியலில் சேர்க்காமல் தடுத்துவைத்தவர் இதே சர்க்யூட் கிளார்க் பதவியில் இருந்தவர்தான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதவியின் முன் ஒருமுறையாவது விண்ணப்பதாரனாக நிற்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது.

குடியுரிமைக் கட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நான் தேர்வெழுதிய காலத்தில் குடிமையியல் கேள்விகள் 100 முன்கூட்டியே வெளியிடப்பட்டிருந்தன. அவற்றில் 10 வரை கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைப் படிக்கவும் ஒரு வாக்கியத்தை எழுதவும் வேண்டும். வாக்குரிமை பற்றிய நான்கு அரசியலமைப்புத் திருத்தங்களில் ஒன்றை விவரிக்கச் சொல்லும் கேள்வி அந்தப் பட்டியலில் உண்டு. வாக்களிக்கத் தலைவரி கட்ட வேண்டியதில்லை என்பது ஏற்கப்படும் விடைகளுள் ஒன்று. அந்த வரியை மனப்பாடம் செய்தபோது, அதற்குப் பின்னால் எங்கள் ஊரிலேயே ஓர் உயிர் போயிருப்பது நினைவுக்கு வந்து, அடுத்த கேள்விக்குப் போக நேரமாயிற்று.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, புதிய படிவத்தை நிரப்புவதற்கு முன், அன்று கறுப்பினத்தவரைத் தடுக்கப் பயன்பட்ட பழைய படிவத்தைப் படித்துவிட எண்ணினேன். சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மக்கெய்ன் நூலகத்தில் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டக் கால ஆவணங்கள் ஏராளமாக இருக்கின்றன. (இதே கல்லூரியில் சேர 1950களின் பிற்பகுதியில் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்த கிளைட் கென்னார்ட் என்ற கறுப்பின விவசாயி, 25 டாலர் மதிப்புள்ள கோழித் தீவனத் திருட்டில் உடந்தை என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டு 7 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார், புற்றுநோயோடு விடுவிக்கப்பட்டு 1963இல் இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 2006இல். இன்று வளாகத்தில் ஒரு கட்டடம் அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.)

1950களின் நடுவில் நடைமுறைக்கு வந்த அந்தப் படிவத்தில் 21 கேள்விகள். பெயர், வயது, தொழில், முகவரி என்று சாதாரணமாகவே அது தொடங்குகிறது. 18ஆவது கேள்விக்கு வரும்போதுதான் அதன் நோக்கம் வெளிப்படுகிறது. மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவை விண்ணப்பதாரர் தம் கைப்பட நகலெடுக்க வேண்டும், ஆனால் எந்தப் பிரிவு என்பதைப் பதிவாளர் தேர்ந்தெடுப்பார். 19ஆவது கேள்வி, நகலெடுத்த பிரிவுக்கு ஏற்கத்தக்க விளக்கத்தை எழுதச் சொல்கிறது. 20ஆவது, அரசியலமைப்பின்கீழ் இயங்கும் ஆட்சியில் குடிமகனின் கடமைகள் எவை என்று எழுதச் சொல்கிறது. விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதை முடிவு செய்பவரும் அதே பதிவாளர்தான். 1890ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஒரு பிரிவைப் படிக்கத் தெரிந்தாலோ, படித்துக் காட்டினால் புரிந்துகொண்டாலோ போதும் என்றிருந்தது. 1954இல் திருத்தம் கொண்டுவந்து, படிக்கவும் எழுதவும் விளக்கவும் தெரிந்திருந்தால் மட்டுமே பதிவு என்றாக்கினார்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்தவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் வெள்ளையருக்கு, இந்தத் தேர்விலிருந்து விலக்கு.

நான் அந்த அரசியலமைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே சோதித்துப் பார்த்தேன். கடனுக்காக எவரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்னும் 30ஆவது பிரிவு ஒரே வரி, பள்ளிச் சிறுவனும் விளக்கிவிடுவான். நிறுவனங்கள் மீதான வரிவிதிப்பு அதிகாரத்தைப் பற்றிப் பேசும் 182ஆவது பிரிவின் விளக்கத்தையோ, நான் பல ஆண்டுகள் ஆங்கிலத்திலேயே வேலை பார்த்தவனாக இருந்தும், இரண்டு மூன்று முறை படித்த பிறகுதான் ஓரளவு எழுத முடிந்தது. நான் எழுதியது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. 280க்கும் மேற்பட்ட பிரிவுகளில் எதை யாருக்குக் கொடுப்பது என்ற உரிமை ஒருவரிடம் இருந்துவிட்டால், கேள்வித்தாள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதில் பயனொன்றுமில்லை. எழுத்தறிவைச் சோதிக்கும் தேர்வு என்று அதைச் சொல்வதே தவறு என்பது என் கருத்து. விண்ணப்பதாரரின் தோலைப் பார்த்துவிட்டு எடுத்த முடிவுக்குக் காகிதத்தில் ஒரு காரணம் உண்டாக்கிக் கொடுத்ததே அதன் வேலை.

இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1959இல் இந்தக் கவுண்டியில் பதவியேற்ற தெரன் லிண்ட் என்ற சர்க்யூட் கிளார்க் மீது அமெரிக்க அரசு 1961இல் வழக்குத் தொடுத்தது. வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் 7,000க்கும் மேற்பட்டோர் இருந்த கவுண்டியில் அப்போது பதிவாகியிருந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. பட்டம் பெற்ற கறுப்பின ஆசிரியர்கள் தேர்வில் தவறியதாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டதும், வெள்ளையருக்கு எளிய பிரிவுகள் தரப்பட்டதும் அந்த வழக்கில் வெளிவந்தன. பாகுபாட்டை நிறுத்தும்படி 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்டது, அவர் கீழ்ப்படியவில்லை. 1963இல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று, அப்போதும் பதவி போகவில்லை. அதே 1962இல் மாநிலச் சட்டமன்றம், விண்ணப்பிப்போரின் பெயர்களை இரண்டு வாரம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிட வேண்டும் என்றும் சட்டம் செய்தது. பெயர் அச்சில் வந்தால் வேலை போகும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், இரவில் ஆள் வருவார்கள். தேர்வில் தோற்றவருக்கும் இதே தண்டனைதான்.

1964 ஜனவரி 22 அன்று மழையில் நனைந்தபடி மக்கள் வாக்குரிமை கேட்டு, லிண்டின் அலுவலகம் இருந்த கவுண்டி நீதிமன்றத்தின் முன் அணிவகுத்தனர். உள்ளே ஒரு நேரத்தில் சிலரை மட்டுமே விட்டார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள், மறியல் மாதக்கணக்கில் தொடர்ந்தது. நான் சென்ற நாளில் வெயில் அடித்தது, வரிசை என்று எதுவும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டார், ஒரு பக்கப் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். பெயர், முகவரி, பிறந்த தேதி, உரிம எண், குடிமகனா என்ற கேள்விக்கு ஒரு கட்டம், கீழே உறுதிமொழியும் கையொப்பமும். அவர் சரிபார்த்துவிட்டு, அட்டை தபாலில் வரும், வாக்குச்சாவடியின் பெயர் அதில் இருக்கும் என்றார். நான் கொண்டுபோயிருந்த குடியுரிமைச் சான்றிதழைக் கோப்பிலிருந்து வெளியே எடுக்கவே தேவைப்படவில்லை.

நீதிமன்றத்தின் முன் இரண்டு நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. ஒன்று, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் போர்வீரர்களுக்கு 1910இல் எழுப்பியது. கவுண்டியின் பெயரே அந்தப் படையின் தளபதிகளில் ஒருவரும், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முதல் தலைவருமான நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்டின் பெயர்தான் என்பதை இங்கே வந்து குடியேறும் நம்மவர்களில் பலர் அறிவதில்லை. மற்றொன்று 2020 ஜனவரியில் திறக்கப்பட்ட வெர்னன் டேமரின் சிலை.

டேமர் நகருக்கு வடக்கே கெல்லி செட்டில்மென்டில் நிலமும் மர அறுவை ஆலையும் மளிகைக் கடையும் வைத்திருந்தவர். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்து தேர்வை நிறுத்திவைத்த பிறகும், மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்க ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. மக்கள் நகரத்துக்குப் போய் அஞ்சி நிற்க வேண்டாம், தம் கடையிலேயே வரியைக் கட்டலாம், இயலாதவர்களுக்குத் தாமே கட்டுகிறேன் என்று 1966 ஜனவரியில் அவர் வானொலி மூலம் அறிவித்தார். ஜனவரி 10 அதிகாலையில் கிளான் ஆட்கள் இரண்டு கார்களில் வந்து வீட்டுக்கும் கடைக்கும் தீ வைத்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் பின்புறமாகத் தப்பிப்பதற்காக அவர் முன்னால் நின்று திருப்பிச் சுட்டார். நெருப்பையும் புகையையும் சுவாசித்ததால் அன்றே மருத்துவமனையில் இறந்தார். அவருடைய நான்கு மகன்கள் அப்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார்கள். மாநிலங்களின் தலைவரி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவர் இறந்து பத்துப் பதினோரு வாரங்களுக்குப் பிறகு, அதே ஆண்டு மார்ச்சில். தாக்குதலுக்கு ஆணையிட்ட கிளான் தலைவர் சாம் பவர்ஸ் முந்தைய வழக்குகளில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் தப்பி, 1998இல்தான் ஆயுள் தண்டனை பெற்றார். டேமரின் மனைவி எல்லி பிற்காலத்தில் இதே கவுண்டியின் தேர்தல் ஆணையராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

1967க்குள் மிசிசிப்பியில் பதிவான கறுப்பினத்தவரின் விகிதம் 6.7 சதவீதத்திலிருந்து 59.8 சதவீதமாக உயர்ந்தது. இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு என் பாட்டியின் நினைவு வரும். கைநாட்டு மட்டுமே தெரிந்த அவர் 1952இல் சின்னத்தைப் பார்த்து வாக்களித்தவர். அவரைப் பட்டியலில் சேர்க்க அரசுதான் வீடு தேடி வந்தது. பெயரைச் சேர்க்கும் பொறுப்பைக் குடிமகன் தலையில் வைக்கும் இந்த நாட்டு முறையை, எவ்வளவு எளிமையாக்கினாலும், என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை.

நான் நிரப்பிய படிவத்திலும் ஒரு பகுதி 1890இலிருந்து வந்தது. குறிப்பிட்ட சில குற்றங்களில் தண்டனை பெற்றதில்லை என்று உறுதி கூற வேண்டும். பெற்றவர், சிறையிலிருந்து வெளிவந்த பிறகும் ஆயுள் முழுவதும் வாக்கை இழக்கிறார். திருட்டு, பொய்க் கையெழுத்து, இருதார மணம் போன்றவை அரசியலமைப்பின் 241ஆவது பிரிவில் இருந்தன, கொலையும் வன்புணர்வும் இல்லை. கறுப்பினத்தவர் செய்யக்கூடியவை என்று அன்றைய வெள்ளைத் தலைவர்கள் கருதியவற்றையே தேர்ந்தெடுத்துச் சேர்த்தார்கள் என்பதை மாநில உச்ச நீதிமன்றமே 1896இல் மறைக்காமல் எழுதியிருக்கிறது. கொலையும் வன்புணர்வும் 1968இல்தான் சேர்க்கப்பட்டன. இந்தத் தடை கொடுமையானது என்று 2023இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னதை, 2024 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு மாற்றிவிட்டது. உரிமையை மீட்க விரும்புபவருக்கு ஆளுநரின் மன்னிப்பு வேண்டும், அல்லது சட்டமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு ஆதரவோடு அவர் ஒருவருக்காகவே தனி மசோதா நிறைவேற்ற வேண்டும்.

இங்கு புதிதாகக் குடியுரிமை பெறுபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே: 30 நாள் கெடுவை மறக்காதீர்கள், வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம், அது இல்லாதவருக்கு சர்க்யூட் கிளார்க் அலுவலகமே இலவசமாக ஒன்றைத் தரும். எனக்கு வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. அடுத்த நவம்பரில் வாக்களித்தேன்.