இடது கை

லேப்ராஸ்கோப்பில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டு, பித்தப்பையை எடுக்கும்போது பார்ப்பவர் கண் வலது கையின் மேல்தான் நிற்கும். ஆனால் பித்தப்பையின் கழுத்தைப் பிடித்திருக்கும் இடது கை சரியான பக்கம் இழுத்து வைத்தால்தான் வலது கைக்கு வழி கிடைக்கும். பல வருடம் ஆபரேஷன் தியேட்டரில் அறுவை சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்கும் பிஜி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நானே மதிப்பிடும்போது இதைக் கவனித்ததில்லை. கேஸ் சீக்கிரம் முடிந்ததா, ரத்தம் கசிந்ததா, இவ்வளவுதான் நினைவில் நிற்கும். மாணவர் செய்த கேஸ்களைப் பதியும் லாக்புக்கில் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

2013-ல் வெளியான மிச்சிகன் ஆய்வு என்னை உலுக்கியது. உடல்பருமனுக்கு அறுவை செய்யும் 20 மருத்துவர்கள், தாங்கள் செய்த இரைப்பை பைபாஸ் வீடியோவை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமலே சக மருத்துவர்கள் 5-க்கு மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள். முதல் கால்பங்கில் 5.2 சதவீதம்தான்.

எங்கள் யூனிட்டிலும் இப்படி வீடியோ பார்த்து, ஒரு தாளில் மதிப்பெண் போட ஆரம்பித்தோம். நோயாளியிடம் சம்மதம் வாங்கி, பெயரையும் ஒலியையும் நீக்கிவிடுவோம். வயிற்றுக்குள் எடுத்த படம், யார் முகமும் தெரியாது. மாணவர்களை மட்டும் மதிப்பீட்டுக்கு நிறுத்துவது நியாயமாகப் படாததால், முதல் வாரம் என் வீடியோவையும் சேர்த்தேன்.

பித்தப்பைக்குப் போகும் குழாய்களை வெட்டுவதற்காக அவற்றை அடைக்கும் கிளிப் போடுமுன் மூன்று விஷயம் தெரிய வேண்டும் என்று 1995-ல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் வகுத்தார். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணப் பகுதியில் கொழுப்பும் நாரும் விலகியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் போகும் குழாய்கள் இரண்டே இரண்டு என்று தெரிய வேண்டும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பித்தநாளத்தைத் தவறி வெட்டிவிட்டால் நோயாளியின் வாழ்க்கையே மாறிப்போகும் என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பு.

"சார், இவர் கீழ்ப்பகுதியைப் பிரிக்காமலே கிளிப் போட்டுட்டாரே" என்றார் முதலாண்டு மாணவர் ஒருவர். அது என் வீடியோ. அந்த நோயாளி நலமாக வீடு திரும்பியிருந்தார். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அது நான் செய்ததுதான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அடுத்து ஓடிய வீடியோவில் இடது கை ஒருமுறை பிடித்தால் விடவே இல்லை. கிழிசல் இல்லை, மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. மெதுவாகச் செய்கிறார் என்று நான் குறைவாக மதிப்பிட்டிருந்த மாணவியுடையது அது என்று பிறகுதான் தெரிந்தது. நடுவில் கருவிகள் அசையாமல் நின்ற ஒரு நிமிடத்தில் அவர் சீனியரை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார். ஒலியில்லாத படத்தில் அது வெறும் தாமதம். இப்போது உதவி கேட்பதற்கென்று மதிப்பெண் தாளில் தனியே ஓர் இடம் விட்டிருக்கிறோம்.

அடுத்த வாரம் ஒரு கேஸை முழுக்க அவரிடம் கொடுத்தேன். கேமராவை நான் பிடித்தேன்.