பசை இணைப்பை ஹாப்கின்சன் பாரில் உடைக்கும் முன்

ஹாப்கின்சன் பார் என்பது இரு நீண்ட உலோகத் தண்டுகளுக்கு (பார்) நடுவே மாதிரியைப் பொருத்தி, ஸ்ட்ரைக்கர் என்ற குட்டைத் தண்டால் அடித்து, ஓடும் அலையைத் தண்டுகளில் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ்களால் அளக்கும் கருவி. கார்பன் ஃபைபர் தகடுகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டி, இந்தக் கருவியின் அதிவேக அடியில் அந்த ஒட்டு எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பதை எம்.டெக். ப்ராஜெக்டாக எடுப்பவர்கள் பலர், வேகம் கூடக் கூட வலிமையும் கூடுவதாக ஒரு கிராஃப் போட்டு முடித்துவிடுகிறார்கள். வைவாவில் அதற்கு வரும் கேள்வி: "எதன் வலிமை? பசையினதா, தகட்டினதா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. அடி வேகமாக விழும்போது எபாக்ஸியின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நகர நேரம் கிடைப்பதில்லை. அதனால் பசையின் வெட்டு வலிமை ஏறும், இழுபடும் தன்மை குறையும். ஆனால் ஒற்றை லாப் இணைப்பில் (ஒரு தகட்டின் ஓரத்தை மற்றதன் ஓரத்தின்மேல் ஏற்றி ஒட்டியது) இரு தகடுகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால், இழுக்கும்போது இணைப்பு வளைந்து, ஒட்டின் ஓரங்களில் உரிக்கும் விசை எழுகிறது. மெதுவான சோதனையில் பசைக்குள்ளேயே உடைந்த அதே இணைப்பு, வேகமான அடியில் தகட்டின் மேலடுக்கைப் பிய்த்துக்கொண்டு வரலாம். அப்படி வந்தால் கையிலிருக்கும் எண் பசையின் வலிமை அல்ல. பசை குறைந்தது அவ்வளவாவது தாங்கும் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆகவே உடைந்த ஒவ்வொரு முகத்தையும் படமெடுத்து, ஏஎஸ்டிஎம் டி5573 தரநிலை சொல்லும் உடைவு வகைகளில் எது என்று குறித்துவிட்டு, பிறகு கிராஃப் போடுங்கள்.

வேகத்தை மீட்டர் கணக்கில் மட்டும் எழுதினால் போதாது. பசை அடுக்கு 0.2 மி.மீ., இரு தகடுகளும் ஒன்றின்மீது ஒன்று சறுக்கும் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால், வெட்டுத் திரிபு வீதம் (சறுக்கும் வேகத்தைப் பசைத் தடிமனால் வகுத்தால் வருவது) நொடிக்கு 10,000. யூடிஎம்-மில் (மெதுவாக இழுக்கும் பொதுச் சோதனை இயந்திரம்) நிமிடத்துக்கு 1.3 மி.மீ. வேகத்தில் இழுத்தால் இதே கணக்கு ஏறத்தாழ 0.1 தரும், லட்சம் மடங்கு வித்தியாசம். அடுக்கு 0.4 ஆகிவிட்டால் வீதம் பாதியாகிவிடும். தடிமனைக் கட்டுப்படுத்த 0.2 மி.மீ. கண்ணாடி மணிகளைப் பசையில் கொஞ்சம் கலக்கலாம், அல்லது அதே தடிமனுள்ள கம்பியை ஓரத்தில் வைக்கலாம். தகடும் கொஞ்சம் நீளும் என்பதால் இந்த வீதம் தோராயம்தான். கேமரா இருந்தால் ஒட்டின் ஓரத்திலேயே நகர்வை அளப்பது நல்லது.

அடுத்து சிக்னல். 12.5 மி.மீ. ஒட்டு நீளம், 25 மி.மீ. அகலம், 30 எம்பிஏ (மெகாபாஸ்கல்) வலிமை என்றால் விசை சுமார் 9.4 கிலோநியூட்டன். 20 மி.மீ. விட்ட பாரின் குறுக்குப் பரப்பும் கிட்டத்தட்ட அதே 314 சதுர மி.மீ. என்பதால், பாரிலும் 30 எம்பிஏதான் வரும். ஸ்டீல் பாரில் அது 150 மைக்ரோஸ்ட்ரெய்ன் (நீளத்தில் பத்து லட்சத்தில் 150 பங்கு மாற்றம்); இரைச்சலுக்கு நடுவே தேட வேண்டியிருக்கும். அலுமினியப் பாரில் ஏறக்குறைய மும்மடங்கு கிடைக்கும். பாரை மாற்ற வழியில்லை என்றால், கடத்தும் பாரில் (மாதிரிக்கு அப்பால் உள்ள தண்டு), சின்ன மாற்றத்துக்கும் பெரிய சிக்னல் தரும் செமிகண்டக்டர் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டுங்கள்.

300 மி.மீ. ஸ்ட்ரைக்கர் தரும் துடிப்பு 120 மைக்ரோ நொடி நீடிக்கும்: நீளத்தை இரட்டித்து, அலை வேகமான நொடிக்கு 5,000 மீட்டரால் வகுத்தால் போதும். கேஜ், மாதிரியிலிருந்து 300 மி.மீ.க்கும் அருகில் இருந்தால் போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். நொடிக்கு ஒரு லட்சம் பிரேம் எடுக்கும் கேமராவிலும் இந்த நேரத்துக்குள் 12 படங்கள்தான். பாரில் ஸ்ட்ரைக்கர் மோதும் முகத்தில் கிரீஸ் தடவி ஒட்டிய மெல்லிய செம்பு வில்லை, துடிப்பின் ஏற்றத்தைச் சாய்வாக்கும். அது இல்லாவிட்டால் மாதிரியின் இரு முனைகளிலும் விசை சமமாவதற்கு முன்பே ஒட்டு விட்டுவிடும். முனை விசைகள் இரண்டையும் ஒரே கிராஃபில் போட்டுப் பாருங்கள். சேராத சோதனையைத் தள்ளிவிடுங்கள். கனமான கிளாம்ப் போட்டாலும் இதே தொல்லைதான்: அலையின் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும், அதை மாதிரியின் குணம் என்று நினைத்துக்கொள்வோம்.

ஒட்டும் வேலையில் அவசரம் வேண்டாம். பீல் பிளை (தகடு செய்யும்போது மேலே போட்டு, பிறகு உரித்தெடுக்கும் துணி) உரித்த முகத்தை அப்படியே நம்பாமல் 220 எண் தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரோபனாலால் ஒரே திசையில் துடையுங்கள். நார் வெளியே தெரியும்வரை தேய்த்தால் மேலடுக்கு அங்கேதான் கிழியும். ஈரம் ஏறிய தகட்டை உலர்த்தாமல் சூட்டில் பதப்படுத்தினால் பசைக்குள் குமிழிகள் வரும். ஓரத்தில் பிதுங்கும் பசையை எல்லா மாதிரியிலும் ஒரே மாதிரி விடுங்கள், இல்லை ஒரே மாதிரி வழித்துவிடுங்கள். அந்தச் சின்னச் சாய்வே உரிக்கும் விசையை மாற்றிவிடும்.

ஒரு வேகத்துக்கு ஐந்து மாதிரியாவது வையுங்கள். உடைந்த இரு பாதிகளையும் எண் எழுதிய கவரில் போட்டு வைவாவுக்கு எடுத்துப் போங்கள். கேட்டால் அங்கேயே காட்டலாம்.