எழுதாமல் விட்ட வரி

"இஞ்சின் பழுதாப் போச்செண்டு ஒரு வரி எழுதித் தந்தா உங்கட கை தேஞ்சிருமா மனே?" என்று இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாழைச்சேனையில் அந்தத் தாய் கேட்டார். நான் மறுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் மனம் அதிலேயே நிற்கிறது.

அவருடைய மகன் தண்டையலாக, அதாவது படகுத் தலைவனாக, போன ஆழ்கடல் படகு, இந்தியாவுக்கே மீன்பிடி உரிமையுள்ள அதன் பொருளாதார வலயத்துக்குள் பிடிபட்டிருந்தது. கண்காணிப்புக் கருவி பதிந்த தடம் என் மேசையில் கிடந்தது. இயந்திரம் நின்ற படகு நீரோட்டத்தோடு மெதுவாக அள்ளுண்டு போகும். இந்தத் தடமோ, 1976இல் இரு நாடுகளும் வங்கக் கடலில் வகுத்த எல்லையை ஒரே வேகத்தில் நேராகக் கடந்து, அப்பால் தூண்டில் விட்டு வாங்கும் படகைப் போல முன்னும் பின்னும் திரும்பியிருந்தது. சூரை மீன் போன திக்கில் போயிருக்கிறார்கள்.

"பொய் எழுதினா, நாளைக்கு உண்மையாப் பழுதான போட்டையும் நம்பமாட்டாங்க அம்மா" என்றேன். அது சாக்கு அல்ல. ஆழ்கடல் படகுகள் மீதான கட்டுப்பாடு போதாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் நம் மீனுக்கு விதித்த தடை 2016 ஜூனில்தான் நீங்கியது. வடக்கே எல்லை தாண்டி வந்து வலைகளை அறுக்கும் இந்திய இழுவைப் படகுகளைப் பற்றி முறையிடும் நாம், நம் படகு தாண்டும்போது பொய் எழுதினால் எந்த முகத்தோடு பேசுவது? ஆனால் கடலடியை வழித்தெடுக்கும் இழுவை மடியும், ஓடும் சூரைக்கு விட்ட தூண்டிலும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையின் 73ஆவது உறுப்புரையையும் விளக்கினேன்: நாடுகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பொருளாதார வலயத்தில் நடக்கும் மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை இல்லை, தகுந்த பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் விரைவில் விடவேண்டும்.

"அப்ப என்ட புள்ள ஏன் மறியல்ல கிடக்கான்?"

தண்டனை வேறு, விசாரணைக்காகத் தடுத்து வைப்பது வேறு என்று சொல்லலாம். சட்டப்படி அது சரியான விளக்கம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேரங்களையும் இடங்களையும் அந்த உறுப்புரையையும் மட்டும் எழுதிக் கையொப்பமிட்டேன். மகன் பல மாதங்கள் கழித்து வந்து சேர்ந்தான். நான் எழுதாத அந்த வரி அவனை முன்னதாகக் கொண்டுவந்திருக்குமா, அல்லது தடத்தோடு ஒப்பிட்டு வழக்கை இன்னும் இறுக்கியிருக்குமா என்று நானே இரு பக்கமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். பிறகு வந்த தாய்மாருக்கும் அதே விதமாகத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.